வனமும் வாணிபமும் – 17: சுறாவும் 147 நாளும்

யானையைக் காக்கவென்று 1873-ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சர்க்கார் இயற்றிய சட்டத்தில் தொடங்கி, பறவைகளுக்கும் விலங்குகளுக்குமாக 1912-இல் வந்த சட்டத்தைக் கடந்து, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரை நாம் நடந்து வந்த பாதையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சென்ற வாரம் பாம்புத் தோல் வாணிபத்தின் கதையைக் கண்டோம். 1976-இல் தோல் ஏற்றுமதி நின்றதும் இருளர் குடும்பங்கள் பிழைக்க வழியின்றித் திகைத்ததையும், 1978-இல் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் பதிவாகி, பிடித்த பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி காட்டிலே விடும் புதுத்தொழில் பிறந்ததையும் சொல்லி நிறுத்தினோம்.

இந்த வாரம் தரையை விட்டுச் சமுத்திரத்தில் இறங்குகிறோம்.

கூடையில் இல்லாத மீன்

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு காலை நேரம். வியாசர்பாடியில் இரவீசுவரர் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த எங்கள் வீட்டில், பிரசவமாகிப் பன்னிரண்டு நாளே ஆன என் தமக்கை மகள் பத்தியத்தில் இருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்குப் பால்சுறாவைக் காட்டிலும் மேலான ஔஷதம் உண்டென்று என் தாயார் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஆகையால், காசிமேட்டில் விடியுமுன் ஏலத்தில் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து, மூலக்கொத்தளம், பேசின் பாலம் வழியாக எங்கள் பகுதிக்கு வரும் மீன்காரம்மாவின் குரலுக்காக அவர் எட்டு மணியிலிருந்தே வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

கூடை இறங்கிற்று. மேலே போர்த்தியிருந்த ஈரச் சாக்கை விலக்கினால், காரப்பொடியும் சங்கராவும் ஒரு கை நெத்திலியும் இருந்தன. சுறா இல்லை.

"சுறா கொண்டாறேன்னு சொன்னியேம்மா?" என்றார் தாயார்.

"சுறாவத் தொட்டா ஜெயிலுன்றாங்க பெரீம்மா. ஆர்பர்ல அதே பேச்சாக் கீது. காரப்பொடி எடுத்துக்கோ, அதுக்கும் பால் ஊறும்."

தாயார் அதை நம்பவில்லை. புலிக்கும் மானுக்கும் சட்டம் உண்டென்பது அவர் அறிந்ததே. ஆனால் அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்துக் கழுவுகிற மீனுக்கு, அதிலும் பச்சை உடம்புக்காரிக்கு ஆக்கிப் போடுகிற மீனுக்கு, தில்லியில் ஒரு சட்டம் பிறந்திருக்கிறது என்பதை அவர் எப்படி நம்புவார்? காரப்பொடியை வாங்கி வைத்துவிட்டு, விஷயம் என்னவென்று விசாரித்து வரும்படி என்னை அனுப்பினார்.

விசாரித்தேன். மீன்காரம்மா சொன்னது மெய்தான்.

கரைக்கும் சுறாவுக்கும் உள்ள உறவு

இந்தத் தடையின் கதையைச் சொல்லுமுன், சுறா நம் கரையில் என்னவாக இருந்தது என்பதைச் சற்று நின்று பார்ப்பது அவசியம். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர், கருவுற்ற சுறாவின் கொம்பை மணலிலே நட்டு, அதில் தம் தெய்வத்தை ஏற்றி வழிபட்ட செய்தியைப் பட்டினப்பாலை சொல்கிறது. வாள்போல் நீண்டு இருபுறமும் பல் வைத்த கொம்பு உடையது நம் மீனவர் வேளா என்று அழைக்கும் மீனே ஆகையால், மணலில் நின்ற அந்தத் தெய்வம் வேளாவின் கொம்பாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கும்பிடப்பட்ட அந்த வேளா இக்கதையின் முடிவில் மறுபடி வரும். வாசகர்கள் நினைவில் வைத்திருக்கட்டும்.

கும்பிட்ட மீனையே அவர்கள் உண்டும் வந்தார்கள். சுறாப்புட்டு செய்யும் முறையை வடசென்னை வீடுகளில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மஞ்சள் போட்ட நீரில் மீனை வேகவைத்து, மணல் ஒட்டினாற்போல் சொரசொரக்கும் தோலை விரல் நுனியால் வழித்தெடுத்து, நடுவில் உள்ள குருத்தெலும்பை உருவிவிட்டு, சதையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்து நீர் வடியப் பிழிந்தால், அது அரிசி மாவுபோல் உதிர்ந்து விழும். சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சைமிளகாயும் வதங்கிய வாணலியில் அதைக் கொட்டிக் கிளறும்போது எழும் மணம் அடுத்த தெரு வரைக்கும் போகும். முள் கிடையாது, பல் போன கிழவரும் பால்குடி மறந்த குழந்தையும் அச்சமின்றி உண்ணலாம். விலையும் வஞ்சிரத்தை நோக்க மிகக் குறைவு.

சர்க்காரே சுறாவைப் பிடியுங்கள் என்று தூண்டிய காலமும் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டு, சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த காட் மீனெண்ணெய் நின்றுபோனபோது, வைட்டமின் ஏ சத்துக்கு என்ன செய்வதென்று ஆஸ்பத்திரிகள் தவித்தன. அப்போது சென்னை மாகாண மீன்துறை, மாகாணத்தின் ஒரு பகுதியாயிருந்த கோழிக்கோட்டில் ஆலை வைத்துச் சுறாவின் ஈரலிலிருந்து எண்ணெய் இறக்கிற்று. ஈரல் எண்ணெய் நாட்டுக்குச் செய்யும் சேவை என்று சொல்லப்பட்ட அந்த நாட்களை நினைவு வைத்திருந்த முதியவர்கள், 2001-இல்கூட நம் கரையில் இருந்தார்கள்.

பிறகு வந்தது துடுப்பு வியாபாரம். உலர்ந்த சுறாத் துடுப்புக்கு ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் கிடைத்த விலை, மீனின் சதைக்கு உள்ளூரில் கிடைத்த விலையைப் பன்மடங்கு விஞ்சிற்று. வேறு கடல்களில், துடுப்பை மட்டும் அறுத்து வைத்துக்கொண்டு, துடிதுடிக்கும் உடலைத் தண்ணீரில் தள்ளிவிடும் கொடுமை நிகழ்ந்தது. நம் கரையில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை. சதை புட்டுக்கும் குழம்புக்கும் கருவாட்டுக்கும் ஆகும்போது அதைக் கடலில் எறிய எந்த மீனவன் மனந்துணிவான்? துடுப்பு அவனுக்குக் கூடுதல் வரும்படி. சுறா அவனுக்கு முழு மீன்.

இந்த வேற்றுமையைத்தான் பின்னால் வந்த ஆணை கண்டுகொள்ளவில்லை.

ஆனால் மற்றொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மத்தியும் நெத்திலியும்போல் இலட்சக்கணக்கில் முட்டையிட்டுப் பெருகும் ஜாதியன்று சுறா. பெரிய சுறாக்கள் பல ஆண்டுகள் வளர்ந்த பின்பே பக்குவம் அடைகின்றன. அடைந்த பின்னும் சில குட்டிகளையே ஈனுகின்றன. விசைப்படகும் நைலான் வலையும் ஆழ்கடல் தூண்டிலும் பெருகிவிட்ட காலத்தில், இப்படிப்பட்ட பிராணி பிடிபடும் வேகத்துக்கு ஈடாகப் பிறந்துகொண்டே இருக்க இயலாது. சுறா பிடிக்கும் தேசங்களில் இந்தியா முன்வரிசையில் நின்றது. ஆகவே கவலைப்படக் காரணம் இருந்தது. கவலைப்பட்டவர்கள் பொய்யர்கள் அல்லர்.

வேராவலில் விழுந்த பொறி

பொறி விழுந்த இடம் குஜராத் கரை.

உலகத்து மீன்கள் அனைத்திலும் பெரியது திமிங்கலச் சுறா. ஒரு பஸ்ஸின் நீளம் இருக்கும் அது, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடிகட்டித் தின்று, யாருக்கும் தீங்கு செய்யாமல் மெல்ல நீந்திப் போகும். சௌராஷ்டிரக் கரையில் வேராவல் முதலிய துறைகளில் அதைப் பெரிய கொக்கியால் குத்தி, அது ஆழத்தில் அமிழ்ந்துவிடாதபடி காலி பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டு, களைத்தபின் கரைக்கு இழுத்து வந்தார்கள். பீப்பாய் கட்டுவதால் மீனுக்கே பீப்பாய் என்ற பெயர் அங்கே நிலைத்தது. ஈரல் எண்ணெய் படகுக்குப் பூச ஆயிற்று. சதை தைவானுக்குக் கப்பலேறிற்று.

இந்தக் கொலைத்தொழிலை மைக் பாண்டே என்ற படப்பிடிப்பாளர் படமாக்கினார். 2000-ஆம் ஆண்டில் வெளியான அந்தப் படம் வெளிநாட்டில் பரிசு பெற்றது. தில்லியிலும் மனங்களை உலுக்கிற்று. மணலில் மல்லாந்து கிடக்கும் அந்தப் பேருடலின் காட்சி, ஆயிரம் பக்க அறிக்கைகள் செய்யமுடியாத காரியத்தைச் செய்தது.

2001-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் தேதி, திமிங்கலச் சுறா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறிற்று. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. மீன் இனத்தில் அந்த இடம் பெற்றது இதுவே முதல்.

இதுவரை நடந்ததில் பிழை காண ஒருவருக்கும் இடமில்லை. பெயரால் தெளிவானது, உருவத்தால் எவரும் அடையாளம் காணக்கூடியது, அதை வேட்டையாடியதோ ஏற்றுமதிக்காக. காத்தது நியாயம்.

அடுத்த ஆறு வாரத்தில் நிகழ்ந்ததே நம் கதை.

ஜூலை 11

வனவிலங்குச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு மத்திய சர்க்காருக்கு ஓர் அதிகாரம் தருகிறது. அட்டவணைகளில் புதிதாக ஒன்றைச் சேர்க்கவோ, இருப்பதை நீக்கவோ, ஓர் அட்டவணையிலிருந்து வேறொன்றுக்கு மாற்றவோ பாராளுமன்றத்தில் விவாதம் நடத்த வேண்டியதில்லை. கெஜட்டில் ஓர் அறிவிப்பு அச்சானால் போதும். அழிவின் விளிம்பில் நிற்கும் பிராணிக்கு விரைந்து உதவ ஏற்பட்ட வழி இது. அவசர காலத்தில் மெத்தவும் பயன்படுவது. அதனாலேயே மெத்தவும் யோசித்துப் பயன்படுத்த வேண்டியது.

2001-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி அந்த அதிகாரம் செயற்பட்டது. கடற்குதிரை, கடல் அட்டை, பவளம், சில சங்கு வகைகள் என்று கடல்வாழ் பிராணிகள் பல அட்டவணைகளில் ஏறின. அவற்றோடு ஒரு வரி: சுறாவும் திருக்கையும், அவ்வகையைச் சேர்ந்த யாவும், முதல் அட்டவணையில்.

யாவும் என்ற அந்த ஒரு சொல்லில் எத்தனை அடங்கின என்று எண்ணிப் பாருங்கள். திமிங்கலச் சுறாவும் அதில் உண்டு. உருவில் சிறிய பால்சுறாவும் உண்டு. கொம்பன் சுறா உண்டு, உழுவை உண்டு, வேளா உண்டு, ஏழை வீட்டுக் குழம்பில் கொதிக்கும் திருக்கை அத்தனையும் உண்டு. குருத்தெலும்பால் ஆன மீன் எதுவாயினும் அன்றிலிருந்து புலிக்குச் சமானம்.

இப்போது எண்ணூருக்குக் கிழக்கே, இரவு இரண்டு மணிக்கு, ஒரு விசைப்படகின் தளத்தில் போய் நில்லுங்கள். மடியை இழுத்துக் கொட்டுகிறார்கள். இறாலும் கடம்பாவும் நண்டும் குவியலாய் விழுகின்றன. குவியலின் நடுவே நான்கு குட்டிச் சுறாக்களும், கூடை மூடியளவு ஒரு திருக்கையும். அவற்றைத் தேடி யாரும் வலை விடவில்லை. மேலே வரும்போதே பாதி உயிர் போய்விட்டது. மறுபடி கடலில் வீசினால் செத்தது மிதக்கும். ஐஸ் பெட்டியில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தால், சட்டத்தின் கண்ணில் அது முதல் அட்டவணைப் பிராணியை வேட்டையாடிய குற்றம். அன்றைய சட்டப்படி அதற்குக் குறைந்தது ஓராண்டு, அதிகம் போனால் ஆறாண்டு சிறை. அபராதம் 5000 ரூபாய்க்குக் குறையாது.

நான்கு குட்டிச் சுறாக்கள் ஏலத்தில் என்ன விலைக்குப் போகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

காலமும் மீனவனுக்குப் பொல்லாத காலமாய் இருந்தது. ஏப்ரல் 15 முதல் மே 29 வரை 45 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்ற வருடாந்தரத் தடை தமிழ்நாட்டில் அமலுக்கு வந்ததும் அதே 2001-ஆம் ஆண்டில்தான். ஒன்றரை மாதம் கடனை வாங்கிக் காலந்தள்ளி, படகைப் பழுது பார்த்து, டீசல் நிரப்பிக் கடலில் இறங்கிய ஆறாம் வாரத்தில் இந்த இரண்டாம் இடி விழுந்தது.

அப்போது சுற்றுச்சூழல், வனங்கள் துறையின் மத்திய அமைச்சராக இருந்தவர் தென்சென்னைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் திரு. டி. ஆர். பாலு. ஆகையால், கடலைக் காணாத தொலைதூரத்தார் செய்த காரியம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கடற்கரை நகரத்தின் பிரதிநிதி ஒருவர் தலைமை வகித்த துறையிலேயே, கடற்கரை மனிதரின் குரல் கோப்புக்குள் போகாமல் ஓர் ஆணை வெளிவர முடிந்தது என்பதே நாம் கவனிக்கத் தக்கது.

வழக்கு இரண்டு பக்கமும்

எதிர்ப்பு கிளம்பிற்று. ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதையே தலைமுறைத் தொழிலாகக் கொண்ட கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து மீனவர்களுக்கு இது ஜீவனத்தின் மேலேயே விழுந்த அடி. மற்றக் கரைகளில் சுறா தனித்தொழில் அன்று. வலையில் வருவதில் ஒரு பங்கு. ஆயினும், அந்தப் பங்கை நம்பி ஏலக்காரர், கூடைக்காரப் பெண்கள், உப்புக்கண்டம் போடுவோர், கருவாடு விற்போர் என்று வரிசையாகக் குடும்பங்கள் நின்றன.

அவர்கள் வாதம் எளிது. எல்லாச் சுறாவும் அருகிப்போகவில்லை. எவை அருகின என்று சொல்லுங்கள், விட்டுவிடுகிறோம். வலைக்குக் கண் இல்லை. தானே வந்து விழுந்ததற்கு எங்களைக் கொலைகாரர் ஆக்காதீர்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் கடலுக்குச் சட்டம் எழுதாதீர்கள்.

மீன்வள விஞ்ஞானிகளிடமும் ஆட்சேபம் எழுந்தது. 1947-இல் தோன்றி, பின்பு கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், துறைமுகம் துறைமுகமாக ஆளை நிறுத்தி, கரைக்கு வரும் மீனை இனம் பிரித்து எண்ணி எழுதும் பணியைப் பல்லாண்டுகளாகச் செய்து வருகிறவர்கள். இந்தக் கணக்கு கையில் இருக்கும்போது, வேகமாகப் பெருகும் சிறு சுறாவையும் அபூர்வமான பெருஞ்சுறாவையும் ஒரே தராசில் நிறுத்துவதற்குச் சாஸ்திரம் இடம் தராது. மீன் கரைக்கு வருவதே குற்றமாகிவிட்டால், வருகிற மீனை எண்ணுகிற வேலையும் அற்றுப்போகும் என்பது அதனினும் பெரிய ஆபத்து. எண்ணிக்கை இல்லாத இடத்தில் எது குறைகிறது என்று யார் சொல்வார்?

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களின் வாதமும் இலேசானதன்று. துடுப்பு உலர்ந்து மூட்டையில் ஏறிவிட்டபின் அது எந்தச் சுறாவின் துடுப்பு என்று சுங்க அதிகாரியால் சொல்ல முடியாது. சிலவற்றைத் தடுத்துச் சிலவற்றை அனுமதித்தால், தடுத்தவை அனுமதித்தவற்றின் பெயரில் வெளியேறும். எல்லாவற்றையும் தடுத்தால்தான் எதையேனும் காக்க முடியும். ஆமை ஓட்டிலும் பாம்புத் தோலிலும் நாம் முன்பே கண்ட அதே தர்க்கம் இது.

நான் இரண்டையும் பலமுறை நிறுத்துப் பார்த்திருக்கிறேன். துறைமுகத்தின் வாயிலில் நின்று மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் இடத்தில் அந்தத் தர்க்கம் செல்லும். நடுக்கடலில் மடியைக் கொட்டுகிற இடத்தில் செல்லாது. துடுப்பு வியாபாரத்தை நோக்கி எறிந்த கல், கூடைக்காரியின் தலையில் விழுந்தது. பாம்புத் தோல் விஷயத்தில் வாணிபத்தை நிறுத்தியவர்களுக்கு, பாம்பைப் பிடித்தவனுக்கு வேறு வழி காட்டுவதற்கு இரண்டாண்டு பிடித்தது. சுறா விஷயத்தில் அப்படி ஒரு வழியைப் பற்றிய பேச்சே ஆணையில் இல்லை. சுறா காக்கப்படவேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் சுறாவை அன்றாடம் கையால் தொடுகிறவனை விலக்கி வைத்துவிட்டு அதைக் காக்க முயன்றது பெரும் பிழை என்பதே என் தீர்ப்பு.

டிசம்பர் 5

ஆணை பிறந்த 147-ஆம் நாள் அது சுருங்கிற்று.

2001-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி வெளியான திருத்தத்தில், யாவும் என்ற சொல் மறைந்து, அந்த இடத்தில் பத்தே பெயர்கள் நின்றன. திமிங்கலச் சுறா இருந்தது. கங்கைச் சுறாவும் அதன் நெருங்கிய உறவான மற்றொரு சுறாவும் இருந்தன. வேளாவில் மூன்று வகை, திருக்கையில் இரண்டு வகை, உழுவையில் ஒன்று. பத்தாவதாகப் புதுச்சேரிச் சுறா.

பால்சுறா பட்டியலில் இல்லை. எங்கள் தெருவில் கூடை மறுபடி சுறாவோடு இறங்கிற்று. ஆனால் அதற்குள் என் தமக்கை மகளின் குழந்தைக்கு நான்கு மாதம் நடந்துகொண்டிருந்தது. தாயார் காரப்பொடியிலேயே பத்தியத்தை முடித்துவிட்டார்.

மணலில் நட்டுக் கும்பிடப்பட்ட வேளா, இரண்டாயிரம் ஆண்டு கழித்து, சர்க்கார் கெஜட்டில் காவலுக்குரிய பிராணியாக நின்றதை எண்ணும்போது என் நெஞ்சு சற்றுக் கனக்கிறது. அந்த நீண்ட கொம்பே அதற்கு யமன். எந்த வலையிலும் அது முதலில் சிக்கிக்கொள்ளும், சிக்கினால் விடுவிக்க முடியாது. காசிமேட்டில் வேளா இறங்கிய நாளை முதியவர்கள் திருவிழாவைச் சொல்வதுபோல் சொல்வார்கள். இளையவர்களோ அதைப் படத்தில் மட்டுமே கண்டவர்கள்.

மறு ஆண்டு நவம்பரில், சிலி தேசத்துச் சான்டியாகோவில் அழிந்துவரும் உயிரினங்களின் சர்வதேச வாணிப மாநாடு கூடியபோது, திமிங்கலச் சுறாவை உலக வாணிபக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் தீர்மானத்தை முன்வைத்தவர்களில் இந்தியாவும் ஒன்று. தீர்மானம் நிறைவேறிற்று. வேராவல் மணலில் கிடந்த மீன் உலக சபையில் வெற்றி பெற்றது.

பத்தாவது பெயர்

கதை இங்கே சுபமாக முடிந்துவிட்டது என்று தோன்றலாம். அப்படி முடியாததற்குக் காரணம் அந்தப் பத்தாவது பெயர்.

1839-ஆம் ஆண்டில், பெர்லினில் இருந்த முல்லர், ஹென்லே என்ற இரண்டு ஜெர்மானிய விஞ்ஞானிகள், புதுச்சேரியிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஒரு சுறாவைப் புதிய இனமென்று கண்டு, அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், சாம்பல் மேனி, மார்புத் துடுப்பிலும் இரண்டாம் முதுகுத் துடுப்பிலும் வாலின் நுனியிலும் மை தொட்டாற்போல் கறுப்பு. உலகத்துக் காட்சிசாலைகள் அனைத்தையும் சேர்த்தாலும் இந்த இனத்தின் உடல்கள் இருபதைத் தாண்டா. அவற்றிலும் பெரும்பாலானவை 1900-க்கு முன்பு சேகரித்தவை.

நம் சோழமண்டலக் கரையின் ஊர்ப்பெயரையே தாங்கிய இந்தச் சுறா, ஐயத்துக்கு இடமின்றிக் கடைசியாகப் பதிவானது 1979-இல். அதாவது, சட்டம் அதைப் பிடிக்கக்கூடாது என்று விதித்தபோது, அதைப் பிடித்ததாக யாரும் பதிவு செய்து இருபத்திரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

அது அழிந்துவிட்டதா? அல்லது, துடுப்பு நுனி கறுத்த வேறு பல சுறாக்களுக்கு நடுவே, விடியற்காலை விளக்கு வெளிச்சத்தில், ஐஸும் இரத்தமும் கலந்த ஏலத் தரையில், இன்னதென்று அறியாமலே ஆண்டுக்கு ஒன்றிரண்டு கூடையில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறதா? அப்படிப் போகிறதென்றால், லத்தீன் பெயரில் எழுதிய அந்த வரியை மீனவனிடம் சேர்ப்பது யார்? உலர்ந்து மூட்டையில் ஏறிய துடுப்பைப் பார்த்து, இது அதுதான் என்று துறைமுக வாயிலில் சொல்லக்கூடியவர் யார்?

இந்தக் கேள்வியை விடுவிக்க முடியாமல்தான், 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் தேதி, இந்தியாவிலிருந்து எந்தச் சுறாவின் துடுப்பும் வெளியே போகக்கூடாது என்று சர்க்கார் வாயிலையே சாத்தியது. சாத்திய கதவு சாத்தினபடி நின்றதா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

அதற்குள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். சட்டம் அந்த மீனைப் புதுச்சேரிச் சுறா என்கிறது. ஆனால் புதுச்சேரியிலோ காசிமேட்டிலோ வலை வீசியவன் அதை ஒருநாளும் அப்படி அழைத்திருக்கமாட்டான், அவனுக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இராயபுரத்திலும் எழுபது வயது கடந்த மீனவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், ஒரு மீட்டர் நீளமும் துடுப்பு நுனிகளில் கறுப்பும் உள்ள இந்தச் சிறு சுறாவின் அடையாளத்தை அவருக்குச் சொல்லி, அவர் அதை என்ன பெயரிட்டு அழைத்தார், கடைசியாக எப்போது கண்டார் என்று கேட்டு எழுதுங்கள்.

(தொடரும்)